காயாத இடம்

மகள் ஐந்து வயதில் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த அறையின் சுவர்களில் ஓதம் ஏறி, காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வீடே பாழாகிவிடும் என்று அவளுடைய அப்பா கொத்தனாரை அழைத்துவந்தார். கொத்தனார் சுவர்களின் அடியில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தி, பழைய காரையைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார். சுவர்கள் சுக்காகக் காய்ந்தன. கதவோரம் மட்டும், அப்பாவின் இடுப்புயரத்தில், ஒரு தலையளவு ஈரம் நின்றது.

“ஓதம்னா தரையிலேருந்துதாங்க ஏறணும். இங்க கீழ காஞ்சு கெடக்கு, மேல மட்டும் நனைஞ்சிருக்கு. எனக்கே புரியல,” என்றார் கொத்தனார். மறுபடி கொத்திப் பூசினார். மறுபடி நனைந்தது.

“போதும், விடுங்க,” என்றார் அப்பா. அவருக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வந்து வெகுகாலமாகிவிட்டது.

நான்கு மழைக்காலம் கழிந்தபோது அந்த ஈரம் அவருடைய நெஞ்சுவரை உயர்ந்திருந்தது. அளவு மாறவில்லை, இடம்தான் ஏறியிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கொடியிலிருந்து துண்டை உருவி வந்து, சுவரை இரண்டு கையாலும் அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள்.

“வளந்துட்டா,” என்றார் அவர்.

“வளந்து என்ன? இன்னும் தலை துவட்டத் தெரியல,” என்றாள்.