பயிற்சியில் சொன்னபடியே

உள்ளிருந்து பறந்து வந்த செங்கல், கான்ஸ்டபிள் தோமரின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் வழிய அவர் சரிந்தார். "மாரோ! மாரோ!" என்று, அடித்துக் கொல்லும் வெறியில் அந்தச் சந்து முழுவதும் கொதித்தது.

"முருகா!" என்று முனகிக்கொண்டு கான்ஸ்டபிள் ராஜவேல் வாசல் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தான். நாட்டின் தலைநகரில், ஜங்புராவின் அந்த ஒற்றை அறையில் டிவி, ட்யூப்லைட், கண்ணாடி எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. நடுவில், சொந்த வீட்டை இடித்த பிறகு இங்கே வாடகைக்கு வந்த அய்யாசாமி. கண்ணாடி கிழித்த கையெல்லாம் ரத்தம். பிடித்திருந்த கறிக்கத்தியிலும் ரத்தம்.

அவனுக்கு எதிரே, கறுப்புச் சால்வையை இறுக்கிப் போர்த்தியபடி ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

'அப்பாடா! நாம கூப்பிட்ட மனநல ஆலோசகர் முந்தியே வந்துட்டாங்க.'

மனம் குழம்பியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று போலீசாருக்குப் போன வாரம்தான் பயிற்சி நடந்தது. அவர் நின்றால் நீங்கள் உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள், மௌனத்துக்கு இடம் கொடுங்கள். அவள் அச்சுப் பிசகாமல் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"கழுத்தைச் சீவிருவேன்! எல்லாருமாச் சேந்துதான என் வீட்டை இடிச்சீங்க!"

கத்தி சுவரில் இறங்கியது. காரை பெயர்ந்து அவள் தலையில் கொட்டியது. அவள் அசையவில்லை.

"ஆமாய்யா... இடிச்சுத்தான் போட்டாங்க."

பின்னால் இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார். "ஹட்டோ ராஜவேல், தள்ளு! இன்னொரு தடவை ஓங்கினா சுட்டுருவேன்."

"தோ மினிட், ரெண்டே நிமிஷம் சார்! மேடம் பேசுறாங்க. அவன் சாகக் கூடாது சார்."

அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி நீண்டது. காதில் விழுவதற்காக அய்யாசாமியே குனிய வேண்டியிருந்தது. என்ன தேர்ச்சி என்று ராஜவேல் வியந்தான்.

"காதுல... என்ன கேக்குது?"

"எல்லாரையும் கொல்லு, கொல்லுங்குது."

"பயமா இருக்காய்யா?"

அவன் உதடு துடித்தது. "பயமா இருக்கு."

"அதப் போட்டுட்டு... வா. பக்கத்துல உக்காரு."

கத்தி விழுந்தது. அவள் தோளில் சாய்ந்து, குழந்தை மாதிரி விம்மினான் அய்யாசாமி.

அந்தக் கணமே கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவன் முகத்துக்கு நேராக ஒரு பூட்ஸ் கால் ஓங்கியது. ராஜவேல் குறுக்கே விழுந்து, உதையைத் தன் விலாவில் வாங்கிக்கொண்டான். கூட்டத்தை வெளியே தள்ளிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினான்.

"ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க மேடம்! நீங்க எந்த ஆஸ்பத்திரி?"

வெளிறிய முகத்தை அவள் மெல்ல நிமிர்த்தினாள்.

"அவனை அடிக்க விட்றாதீங்க தம்பி... நான் பக்கத்து வீட்டுக்காரி. எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, ஜல்தி தூக்கிட்டுப் போங்க... அவன் மொதல்ல குத்துனது என்னைத்தான்."