ஆறு நிமிடம் இருந்த வேர்

முதற்கண் பொறுத்தருளக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிப் பழகாதவன் நான். அதிலும் இது பிறர் வீட்டுக் கல்லறையில் நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

குழி இடுப்பளவு ஆழம் வந்ததும் ஐசேயா மண்வெட்டியை மேலே வைத்துவிட்டு, கைகளாலேயே மணலை ஒதுக்கலானார்.

குழியின் கரையில் லாத்தாய் கைபேசியைக் கீழ்நோக்கிப் பிடித்து நின்றாள். திரையில் அவள் கணவன் ஃபெலெத்தி. ஆஸ்திரேலியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், கொடிகளின் நிழலில், தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தான்.

ஐந்து வாரமாக அவனுக்குத் தலைவலி. மாத்திரைக்கு அடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கும் கை நடுங்குவதாக, உடன் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அவர்கள் ஊரான தொங்காவில், அந்தப் பசிபிக் தீவுகளில், இதற்கு யாரும் அதிகம் யோசிப்பதில்லை. மகனுக்குத் தலை வலித்தால், புதைத்த தகப்பனின் மண்டையோட்டை ஏதோ வேர் துளைத்திருக்கிறது. திறந்து, வேரை எடுத்து, எண்ணெய் பூசி மூடினால் தீரும். மகன் கடல் கடந்து போயிருந்தாலும் அப்படித்தான்.

ஐசேயா ஃபெலெத்தியின் சித்தப்பா. குழிக்குள் கிடப்பவர் அவருடைய அண்ணன்.

"உயிரோட இருந்தப்பவும் எங்கண்ணன் இப்படித்தான். நாலு தடவை எழுப்பினாத்தான் கண்ணு முழிப்பான்."

மண்டையோடு வெளிப்பட்டது. ஐசேயா அதை இரு கைகளிலும் ஏந்தி, மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சுத்தமாக இருந்தது. ஒரு நார்கூட இல்லை.

லாத்தாய் கைபேசியை மார்போடு அழுத்திக்கொண்டாள். சிக்னல் போய்விட்டதாகச் சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள்.

சனிக்கிழமை ஃபெலெத்தி சொன்னது அவள் காதிலேயே இருந்தது.

"அப்பாகிட்டயும் ஒண்ணும் இல்லேன்னா, லாத்தாய், இது என்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கு."

மண்டையோட்டைக் குழியிலேயே வைத்துவிட்டு, எண்ணெயும் மரப்பட்டைத் துணியும் எடுத்துவர ஐசேயா கல்லறை வாசலில் நின்ற வண்டிக்குப் போனார். வயதானவர்; மெதுவாகவே நடந்தார்.

லாத்தாய் குழிக்குள் இறங்கினாள்.

மாமனார் உயிரோடிருந்தவரை அவர் தலைக்கு மேலாகக் கைநீட்டி ஒரு பொருளைக்கூட அவள் எடுத்ததில்லை.

குழியின் பக்கச் சுவரில் வேர்கள் துருத்திக்கொண்டிருந்தன. விரல் தடிமனில் ஒன்றை முறித்தாள். மண்டையோட்டின் வலது கண்குழியில் நுழைத்தாள். உள்ளே ஏதோ தடுத்தது. அழுத்தினாள். சென்றது.

ஐசேயா திரும்பியதும், இன்னொரு முறை பார்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டாள். அவர் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். தன் கண்ணைத் தானே திட்டிக்கொண்டார். இத்தனை பெரிய வேரைக் காணாமல் விட்டதற்கு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுபடி அழைத்தாள். ஃபெலெத்தியின் முகம் வெளுத்திருந்தது. அவள் திரையைக் குழியின் பக்கம் திருப்பும் முன்பே அவன் பேசத் தொடங்கிவிட்டான். சற்றுமுன் வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்து வந்ததாம். இந்த ஐந்து வாரத்தில் அப்படி ஒன்று வந்ததே இல்லையாம். கத்திவிட்டானாம்.

லாத்தாய் கைபேசியைத் திருப்பினாள்.

ஐசேயா வேரை உருவினார்.

ஃபெலெத்தி கண்களை மூடினான். நீளமாக மூச்சு விட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"விட்டுடுச்சு. சுத்தமா விட்டுடுச்சு. சாயங்காலம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சூப்பர்வைசர் நேரம் வாங்கி வெச்சிருந்தாரு. இனிமே எதுக்கு? வேணாம்னு சொல்லிடப்போறேன்."

டாக்டரைப் பற்றி அவன் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

போ என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பான். அதற்கு விடை அவள் கையில், நகக்கண்களில் மண்ணாக ஒட்டியிருந்தது. எதிரே ஐசேயா கண்ணீரோடு அண்ணனின் நெற்றிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். திரையில் அவன் துண்டை உதறிவிட்டு எழுந்து நின்றான்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஐசேயா மணலைத் தள்ளத் தொடங்கினார்.

மறுநாள் முற்பகல், திராட்சை வரிசைகளுக்கு நடுவே ஃபெலெத்தி விழுந்தான். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதென்று மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். முன்னரே வந்திருந்தால் என்று ஏதோ தொடங்கினார்கள்.

லாத்தாய் அதை முழுதாகக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

வலது பக்கம் என்றார்கள்.

டாக்டரிடம் போகாததால் போனானா, ஆறு நிமிடம் அந்த வேர் அங்கே இருந்ததால் போனானா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. என்னிடம் சொன்ன இதை வீட்டாரிடம் அவள் சொல்லவில்லை.

இழந்தவை: ஃபெலெத்தி, வயது முப்பத்து நான்கு. அறுவடையில் மீதமிருந்த ஏழு வாரம். அவர்களின் இரண்டு மகள்களும், அப்பா வந்து இறங்கும் நாளுக்காக வீட்டில் பேசிவைத்திருந்த பேச்செல்லாம். ஞாயிறுதோறும் லாத்தாய் கல்லறைக்குப் போய்வந்த வழக்கம். அடக்கத்தன்று ஃபெலெத்தியின் அத்தை துக்க முறைப்படி வெட்டியெடுத்த லாத்தாயின் கூந்தல். இடுப்பு வரை இருந்தது.

கூந்தல் மட்டும் திரும்ப வளர்ந்திருக்கிறது.