அடுத்த வீட்டு முற்றம்

“எழுதிக்கோம்மா. வந்தவங்க: அனுமதிக் குழுத் தலைவர் ஸுஹைர், பொறியாளர் இப்திஸாம். வீட்டுக்காரங்க: ஹாஜி தாஹிர், அவரோட மருமக பஹீஜா. மாடியில வேற யாரும் இல்ல.”

படியேறி வந்த மூச்சிரைப்போடு ஸுஹைர் சொல்ல, இப்திஸாம் குறித்துக்கொண்டாள். கீழே பார்த்துவிட்டு வந்த வீட்டின் பிரமிப்பு இருவர் முகத்திலும் இன்னும் இருந்தது. தேவதாரு மரக் கூரையை அண்ணாந்து பார்த்துப் பார்த்து இப்திஸாமுக்குக் கழுத்து வலித்தது. சுண்ணச் சுவரில் பூத்திருந்த செதுக்கு வேலையைத் தொடவும் கூசி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்திருந்தாள்.

“ஃபெஸ் நகரத்துல இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்ல, ஹாஜி,” என்றார் ஸுஹைர். “வெளியூர்க்காரங்களுக்கு அறை வாடகைக்கு விட எல்லாப் பொருத்தமும் இருக்கு. இந்த மாடி ஒண்ணுதான் இடிக்குது.”

“மாடிக்கு என்ன?”

“காலையில புதினாத் தேநீரோட எவனாவது ஒருத்தன் இங்க வந்து நிப்பான். அந்தக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால பக்கத்து வீட்டு ரகிய்யா அம்மாவோட முற்றம். அடுத்த வீட்டு முற்றம் கண்ணுல படற மாடிக்கு அனுமதி கிடையாது. ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பணும்.”

“எழுப்பிடறோம்,” என்று பஹீஜா முந்திக்கொண்டாள்.

“எழுப்பக் கூடாதும்மா. பழைய நகரத்துல மாடி உயரத்தைக் கூட்டக் கூடாதுன்னு இன்னொரு விதி இருக்கு. நீ எழுப்பினா வேற குழு வந்து இடிச்சிட்டுப் போகும்.”

“எழுப்பலைன்னா?”

“நான் அனுமதி தர முடியாது.”

பஹீஜாவின் முகம் வாடியது. மேற்குப் பக்க விட்டம் விரிசல் விட்டு, முட்டுக்கட்டைகளின் தயவில் நின்றுகொண்டிருந்தது. அறைகளை வாடகைக்கு விட்டால்தான் அதைப் பழுது பார்க்க முடியும். இல்லையென்றால், வாரம் தவறாமல் கதவைத் தட்டும் காஸாபிளாங்கா தரகரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஹாஜி தாஹிர் மட்டும் அசையவில்லை. எழுபதைத் தாண்டிய முதுகு நிமிர்ந்தே இருந்தது.

“சுவர் எதுக்கு? இந்த வீட்டுல யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. என் தகப்பனார் பார்க்கல, நான் பார்க்கல. என் பையன் சின்ன வயசுல விளையாடின பந்து அந்தப் பக்கம் விழுந்துச்சு. பந்து போனாப் போகுதுன்னு இறங்கி வந்துட்டான்.”

“உங்களை நம்பறேன், ஹாஜி. ஆனா வரப்போற ஜெர்மன்காரன் உங்க பையன் இல்லையே!”

“என் வீட்டு உப்பைத் தின்னா அவனும் பார்க்க மாட்டான்.”

ஸுஹைர் சிரித்துக்கொண்டே கைப்பிடிச் சுவரை நோக்கி நடந்தார். கைத்தடி ஒன்று குறுக்கே நீண்டது.

“அங்கேயே நில்லுங்க.”

“பார்க்காம எப்படி ஹாஜி எழுதறது? நான் அரசாங்க ஆளு!”

“அரசாங்கமா இருந்தாலும் ஆம்பளை ஆம்பளைதான். அந்தப் பொண்ணு பார்க்கட்டும்.”

பஹீஜா தயங்கித் தயங்கி வாய் திறந்தாள். “மாமா... மழை பெய்யறப்ப அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு சத்தம் கேக்குமே...”

“அடுத்த வீட்டுச் சத்தத்தை நாம கேக்கறதும் இல்ல.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இப்திஸாம் சுவரருகே போய் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

“ஹாஜி, அந்த முற்றத்துல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்? நாரத்தை மரம் ஒண்ணு இருந்திருக்கணும். வசந்தத்துல பூ வாசம் வரும். இப்ப கொஞ்ச வருஷமா வர்றதில்ல. பட்டுப்போச்சோ என்னமோ. தனியா இருக்கிற பொம்பளைகிட்ட, உன் வீட்டு மரம் எப்படி இருக்குன்னு போய்க் கேக்க முடியுமா?”

“ஒரு தடவைகூட நீங்க...”

“அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ற நிலைமைக்கு இந்தக் குடும்பம் இன்னும் இறங்கல, மகளே.”

இப்திஸாம் பஹீஜாவைப் பார்த்தாள். பஹீஜாவின் கண்கள் கெஞ்சின.

பிற்பகல் அஸர் தொழுகைக்கான அழைப்பு ஒரு பள்ளிவாசல் மினாராவிலிருந்து எழுந்தது. அடுத்தது சேர்ந்துகொண்டது, அதற்கடுத்தது சேர்ந்துகொண்டது. ஊர் முழுக்க நிறைந்து அது அடங்கியதும் இப்திஸாம் குறிப்பேட்டைத் திறந்தாள்.

“ஐயா,” என்றாள், “சுவர் தேவையில்லைன்னு எழுதிக்கறேன்.”

“என்னம்மா சொல்றே?”

அவள் அவர் காதருகே போய் ஏதோ சொன்னாள்.  ஸுஹைர் அந்த முதியவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, எத்தனையோ வீடுகளைச் சோதித்தவர், எந்த வீட்டுக்காரருக்கும் செய்யாததைச் செய்தார்: குனிந்து ஹாஜி தாஹிரின் தோளில் முத்தமிட்டார்.

“சுவர் எதுக்குன்னு முதல்லயே கேட்டேனே,” என்றார் ஹாஜி, முதுகு வளையாமல்.

ஹாஜி தாஹிரின் சொல்லுக்காக விதியையே தளர்த்திவிட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. விதி இம்மியும் தளரவில்லை. ரகிய்யா தன் முற்றத்துக்கு மேலே ஒரு பொத்தல் இல்லாமல் தகரக் கூரை போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பஹீஜா உட்படத் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், எட்டிப் பார்க்காத ஹாஜி தாஹிரைத் தவிர.