கடைசி வரி, சிரித்துக்கொண்டே

“யார் கேட்டாலும் மகரந்த அலர்ஜின்னு சொல்லுங்க” என்றார் இயக்குநர் குசே, முகத்தைத் துடைத்துக்கொண்டே. “மார்ச் மாசம் டோக்கியோவுல பாதிப் பேருக்குக் கண்ணு சிவந்துதான் கிடக்கும்.”

ஒலிப்பதிவு அறையில் இருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ஹினோ மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

“மகாபே-சான்கிட்ட சொல்லாம இருக்கறது பாவமில்லையா, குசே-சான்?”

“பாவந்தான். பதிவு முடியட்டும், நானே சொல்றேன்.”

‘மேகத் தபால்’ இருபத்திரண்டு வருடமாக ஓடும் கார்ட்டூன் தொடர். பன்னிரண்டு நாளில் அதன் கடைசிப் படம் வெளியாகிறது. பாக்கியிருந்தது ஒரே ஒரு வரி. தபால்காரன் ரிக்கு கடைசியாக மேகத்தில் ஏறிப் போகும்போது, சிறுமி நோனோ கையசைத்துச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்: “போய்ட்டு வா. நாளைக்குப் பாக்கலாம்.”

ரிக்குவுக்குக் குரல் கொடுத்த சேகவா, நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நாளை வரை செய்தி வெளியே போகக் கூடாது என்று அவருடைய ஏஜென்ஸி சொல்லியிருந்தது. நோனோவுக்குக் குரல் கொடுக்கும் நடிகை மகாபேவோ, டி.வி.யில் சோப்பு விளம்பரம் பார்த்தே அழுகிறவர். விஷயம் தெரிந்தால் அந்தக் குரல் அவ்வளவுதான்.

‘படம் சிரிப்போடதான் முடியணும்’ என்று, மூன்று வாரத்துக்கு முன் படுக்கையில் இருந்தபடியே தன் வரிகளைப் பேசி முடித்த சேகவா, குசேவின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

கதவு திறந்தது. நனைந்த குடையோடு மகாபே உள்ளே வந்து எல்லோர் முகத்தையும் பார்த்தார்.

“என்ன, எல்லாரும் வெங்காயம் உரிச்சீங்களா?”

“மகரந்தம்” என்றார்கள் நான்கு பேரும் ஒரே குரலில்.

“காலையிலேர்ந்து மழை கொட்டுது. மகரந்தம் குடை பிடிச்சுட்டு வந்துச்சாக்கும்?”

ஹினோதான் காப்பாற்றினாள். “படம் முடியுதேன்னு அழறோம், மகாபே-சான். எட்டு வயசுலேர்ந்து பாக்கறேன். நோனோ இல்லாம நான் என்ன பண்ணுவேன்?”

“கல்யாணம் பண்ணிக்கோ” என்று அவள் தலையில் தட்டிவிட்டு, மகாபே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக் முன்னால் நின்றார்.

வந்ததும் முதல் கேள்வியாக, ‘சேகவா-சான் எப்படியிருக்கார்?’ என்றுதான் கேட்பார். இன்றைக்குக் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார் குசே.

திரையில் மேகம் நகர்ந்தது. மகாபேவின் ஹெட்போனில் சேகவாவின் இளைத்த குரல் கேட்டது. “நோனோ, நான் கிளம்பறேன்.”

“போய்ட்டு வா. நாளைக்குப் பாக்கலாம்.”

வரி சரி. சிரிப்பு இல்லை.

“இன்னொரு தடவை போலாம்” என்றார் குசே.

இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது; ‘நாளைக்கு’ என்ற இடத்தில் குரல் லேசாக நடுங்கியது. குசே கண்ணை மூடிக்கொண்டார். இப்படிப்பட்ட நாளில் ஒரு மனுஷியைச் சிரிக்கச் சொல்கிறோமே என்று இருந்தது.

“செத்துப்போனவர் குரலை இன்னும் எத்தனை தடவை ஓட்டறது, குசே-சான்?” என்று விம்மினாள் ஹினோ. “என்னால முடியல.”

அப்போதுதான் குசே பார்த்தார். உள்ளே பேசுவதற்கான பொத்தான் மேல் அவருடைய முழங்கை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெடுக்கென்று கையை எடுத்தார். கண்ணாடிக்கு அப்பால் மகாபே மெதுவாக நிமிர்ந்தார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார்.

“ஏதாவது சொன்னீங்களா?”

“இல்ல... ஒண்ணுமில்ல.” குசே மறுபடி பொத்தானை அழுத்திச் சொன்னார். “கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் சந்தோஷமா. சாயங்காலமே திரும்பி வரப்போறவனை வாசல்ல நின்னு அனுப்பற மாதிரி.”

மகாபே ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றார்.

“அவர் குரலைக் கொஞ்சம் சத்தமா வைங்க.”

“நோனோ, நான் கிளம்பறேன்.”

“போய்ட்டு வா.” வாய் நிறையச் சிரிப்பு. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல் அறை முழுக்கத் துள்ளியது. “நாளைக்குப் பாக்கலாம்.”

மேகம் சிறு புள்ளியாகி மறைந்தது. ஹினோ மேஜை மேல் கவிழ்ந்து குலுங்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் மகாபே பேசிய ஆகச்சிறந்த வரி அதுதான்.

குசே எழுந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், மகாபேவின் முன் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் பதித்தார்.

“மன்னிச்சிடுங்க, மகாபே-சான். உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சு உங்களைச் சிரிக்க வெச்சுட்டேன். சேகவா-சான்...”



மகாபே அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் தோளைத் தொட்டார். “எழுந்திருங்க. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா, பாவம் பாத்து இன்னிக்குப் பதிவையே நிறுத்திடுவீங்க. அதான் நானும் மூச்சு விடல.”

குசே திகைத்து நிமிர்ந்தார். “உங்களுக்கு... யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல, குசே-சான். நேத்து அவர் கண்ணை மூடிவிட்டதே நான்தான்.”