காலியான கொக்கி

சுரங்கக் கதவின் மூன்றாவது பூட்டையும் யாரோ அறுத்துவிட்டார்கள். யாரென்று யர்மிலாவுக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்க அவளுடைய சங்கத்தைத்தான் கைகாட்டியது.

குகைகளிலும் பழைய சுரங்கங்களிலும் இறங்கிப் பார்ப்பவர்களின் சங்கம் அது. மலையடிவார வெள்ளிச் சுரங்கத்தின் சாவி பதினொரு வருடமாக அவள் கழுத்தில்தான் தொங்குகிறது. இனி அந்தச் சாவிக்கு வேலை இருக்காது.

சுரங்க வாயிலில் கான்கிரீட் லாரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. கம்பிக்கதவை நேற்று மாலையே வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார்கள். இன்று அதன் பின்னால் நிரப்பிவிட்டால், முந்நூறு வருடத்து உளித் தடங்களும், குளிருக்கு உள்ளே ஒதுங்கியிருக்கும் வௌவால்களும் அவ்வளவுதான்.

"ரஸ்தோ, இன்னும் ஒரு வாரம் குடு. அறுக்கிறவனை நானே பிடிச்சுக் குடுக்கிறேன்."

சுரங்கத் துறை ஆய்வாளன் ரஸ்திஸ்லாவ் பதில் சொல்வதற்குள் அவன் கைப்பேசி ஒலித்தது. வீட்டிலிருந்து மனைவி. "வந்துடுவாரு, விடு. தினமும் மத்தியானச் சூப்புக்குத் தானா வந்து உட்காரலையா?" என்று அலுப்போடு வைத்தான். "அப்பா. சாப்பிட்டதே மறந்துபோகுது, ஆனா கால் மட்டும் வீட்ல தங்கறதில்ல."

யர்மிலாவுக்கு அவன் அப்பாவைப் பற்றி விசாரிக்கும் மனநிலை இல்லை. லாரியின் கலவை உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆறாங்கிளாஸ்ல தவளையை அறுக்க விடமாட்டேன்னு அழுத. இப்ப வௌவால்," என்றான் அவன். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். "நீ மாறவே இல்ல."

"நீதான் மாறிட்ட. நாங்க ஒரு தடவைக்கு ஆறு பேர்தான் இறங்கறோம். போற நேரம், வர்ற நேரம் எல்லாம் நோட்டுல எழுதறோம். ஒரு கல்லைக்கூட வெளிய கொண்டு வந்ததில்ல. பனி விழ ஆரம்பிச்சா வௌவாலுக்காக நாங்களே பூட்டிடறோம். இதுக்கு மேல என்ன செய்யணும்?"

"பூட்டு அறுபடாம இருக்கணும். நாளைக்கு எவனாவது உள்ள விழுந்து செத்தா பதில் சொல்லப்போறது நீயா, நானா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

"ஒண்ணு மட்டும் கேளு. மூணு தடவையும் இரும்புத் தூள் கதவுக்கு உள்பக்கம்தான் கொட்டிக் கிடந்துச்சு. வெளிப்பக்கம் இல்ல."

"அப்போ உன் ஆளுங்களுக்கு வேற வழியும் தெரிஞ்சிருக்கு. அது இன்னும் மோசம்."

"இந்த ஊர்ல வழிக்கா பஞ்சம்? உங்க வீட்டு நிலவறையிலயே முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னால ஒண்ணு இருக்கு. அதுக்கும் ஒரு லாரி அனுப்பு."

"பலகை அடிச்சு முப்பது வருஷமாச்சு. பேச்சை மாத்தாத."

அவள் கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளே வலப்பக்கச் சுவரில் தொழிலாளர்களின் வில்லைப் பலகை இருந்தது. இறங்கும்போது அவரவர் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போவார்கள். ஏறி வந்ததும் கொக்கியில் திரும்ப மாட்டுவார்கள். சுரங்கம் மூடிய நாளிலிருந்து அறுபது வில்லைகளும் அங்கேயே தொங்குகின்றன. சங்கத்தில் யாரும் தொட்டதில்லை.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தலைவிளக்கை ஏற்றினாள். களிம்பேறிப் பச்சையான வில்லைகள், வரிசைக்குப் பத்தாக. ஐந்தாம் வரிசையில் முதல் கொக்கி காலியாக இருந்தது.

கோடையிலிருந்தே அந்தக் கொக்கியின் வில்லை மட்டும் கை பட்டுப் பட்டு மினுங்கியது அவளுக்கு நினைவு வந்தது. தேய்த்துப் பார்த்தது யாரென்று சங்கத்தில் சத்தம்கூடப் போட்டாள். எல்லோரும் சத்தியம் செய்தார்கள்.

"ஒரு வில்லையைக் காணோம், ரஸ்தோ. நேத்து வெல்டிங் முடிஞ்சப்ப அறுபதும் இருந்துச்சு. நான் எண்ணினேன்."

"ஒரு கல்லைக்கூட எடுக்கமாட்டோம்னியே. பித்தளை கணக்குல வராதா?"

"ஒட்டின கதவு வழியா எவன் கையை விட்டு எடுப்பான்? பத்தடி தள்ளியிருக்கு."

ஓட்டுநர் நெம்புகோலை இழுத்தார். கலவை இறங்கும் சரிவுக் குழாய் கம்பிகளுக்கிடையே நுழைந்தது. யர்மிலா அதன் எதிரே போய் நின்றுகொண்டாள்.

"கலவை உன் மேலதான் கொட்டும்," என்றான் ரஸ்திஸ்லாவ்.

"கொட்டட்டும். கொக்கி காலியா இருந்தா என்ன அர்த்தம்? சுரங்கக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நானா சொல்லணும்?"

"ஆள் இன்னும் மேல வரலைன்னு அர்த்தம். அது அந்தக் காலம். தள்ளி நில்லு." சொல்லிவிட்டு, என்னவோ தோன்றியவன் போல அவளைப் பார்த்தான். "எந்த நம்பர்?"

"நாப்பத்தொண்ணு."

அவன் கை தானாக ஓட்டுநரை நோக்கி உயர்ந்தது. உருளை நின்றது. கையுறை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல், ஒட்டிய கதவின் கம்பிகளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டான்.

"அது எங்கப்பாவோட நம்பர்."