'நைஸ்' அடக்கம்

"டில்லி! யார் தோண்டச் சொன்னது?"

பள்ளித் தோட்டத்து ரோஜாச் செடிக்கடியில் ஷூ பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் சிறுமி டில்லி, முழங்கை வரை சேறு.

ஆசிரியை மிஸ் லோமாக்ஸுக்குச் சுள்ளென்று வந்தது. திங்கட்கிழமைதான் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் இங்கிலாந்தின் லங்காஷயர் மழையில் ஊர்வலம் வந்து, 'நைஸ்' என்று எழுதிய அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் புதைத்தது. ஒருவன் வாயாலேயே பேண்டு வாத்தியம் வாசித்தான்.

எல்லாம் அவள் ஏற்பாடு. கட்டுரை திருத்திச் சலித்துப்போயிருந்தாள். டீ நைஸ், நாய் நைஸ், தாத்தா நைஸ், தாத்தாவின் புதுப் பல்செட்டும் நைஸ்.

"அந்தக் காலத்துல இந்த வார்த்தைக்கு முட்டாள்னு அர்த்தம். அப்புறம் எதுலயும் நொட்டை சொல்ற ஆளைச் சொன்னாங்க. இப்போ ஒரு அர்த்தமும் இல்ல. செத்துப்போச்சு. இனி யாரும் சொல்லக் கூடாது," என்று அன்று வகுப்பில் அறிவித்தாள்.

"அப்போ எங்க தாத்தா முட்டாளா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. தராஸ் மட்டும் பெட்டி மூடும்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் உக்ரைனிலிருந்து வந்தவன். சாப்பாட்டு மேசையில் யார் என்ன கேட்டாலும் பட்டென்று ஏதோ சொல்வான். பையன்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். இந்த வாரம் வாயே திறக்கவில்லை. தனியாக உட்கார்ந்து கஸ்டர்டைக் கிளறிக்கொண்டிருந்தான். நேற்று அவன் அம்மா பள்ளி வாசலில் சைகையில் கேட்டாள்: என்ன ஆயிற்று இவனுக்கு? மிஸ் லோமாக்ஸ் கையை விரித்தாள். அந்த உறுத்தலே போதாதென்று இப்போது இது.

"எல்லாரும் சேர்ந்து பண்ணினதை நீ ஒருத்தி கெடுக்கலாமா?"

"கெடுக்கல மிஸ்."

"பின்னே? யாராவது பந்தயம் கட்டினாங்களா?"

"இல்ல மிஸ்."

"அட்டை எங்கே?"

டில்லி திரும்பிப் பார்த்தாள். வேலியோரம் தராஸ். நனைந்த அட்டையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவனையும் கூட்டு சேர்த்தியா?"

"அவனுக்காகத்தான் எடுத்தேன் மிஸ்," என்றாள் டில்லி. "எங்களுக்கு நீங்க சுவர் நிறைய வேற வார்த்தை ஒட்டிவெச்சிருக்கீங்க. அவனுக்கு இங்கிலீஷ்ல தெரிஞ்சதே இது ஒண்ணுதான்."