போகாத கறை

கணவரின் வெள்ளைச் சட்டைக் கையில் ஒரு பழுப்புக் கறை. ஒரு மாதமாக அவள் அதோடு மல்லுக்கட்டுகிறாள். எலுமிச்சை, வெந்நீர், எதற்கும் மசியவில்லை. முகர்ந்தால் சுட்ட இறைச்சியின் புகை வாசம் வேறு. "எங்க போய்த் தின்னுட்டு வர்றீங்க?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

புதிதாகத் திறந்த ‘பார் அண்ட் கிரில்’ உணவகத்துக்கும் அவர் அதே சட்டையில்தான் வந்தார். அன்றுதான் திறப்பு, சுவரில் பெயின்ட் வாடைகூடப் போகவில்லை. தட்டை வைத்த பணியாளருக்குக் கை தடுமாறியது. அதே புகை வாசமடிக்கும் பழுப்புச் சாஸ், சட்டையின் பழைய கறை மேலேயே இம்மியும் பிசகாமல் சிந்தியது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். சாஸும் போயிற்று, பழைய கறையும் போயிற்று.

"இதுக்கா ஒரு மாசமா என் உசிரை வாங்கின?" என்று கணவர் சிரித்தார். அலுப்போடு அவளும் சிரித்தாள்.

பிறகு, துவைத்துத் துவைத்துக் கையை வலிக்கவைத்த இன்னொரு சட்டை அவள் நினைவுக்கு வந்தது. மகளுடையது. கழுத்திலிருந்து முதுகு வரை சிவப்பு. சாயம் ஒட்டிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இன்னைக்கு வண்டிய எடுத்துட்டுப் போனாளே, எந்தச் சட்டை போட்டிருந்தா?"

"அந்தச் சிவப்புக் கறைச் சட்டைதான். தெரியாம இருக்க மேல கோட்டு மாட்டிக்கிட்டா" என்றபடி அவர் அடுத்த இறைச்சித் துண்டை வெட்டினார்.